நீல நூல் சுற்றிய ஆணி

எங்கள் ஊர்ப் பேய்கள் பகலில் நடமாடுபவை. மற்ற ஊர்களில் எப்படியோ, கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் உச்சி உருமம்தான் பேய்க்கு உரிய நேரம் என்று எல்லோரும் நம்பினார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஈரத்தலையோடு பெண்கள் வெளியே போக மாட்டார்கள். தோட்டத்துக்குக் கறிச்சோறு கொண்டு போகிறவர்கள் தூக்குவாளியின் மேல் ஒரு கரித்துண்டை வைத்துக்கொள்வார்கள். இந்த நம்பிக்கை எங்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது. நான் பாடம் நடத்திய தனிப்பயிற்சிக் கல்லூரிக்கும், என் நண்பனின் ரேடியோ ரிப்பேர் கடைக்கும் அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு இடைவேளை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. மதுரையில் இயற்பியல் பட்டம் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து வந்தேன். நம் மக்களின் துன்பத்தில் பாதி அறியாமையால் வருவது, ஆகவே அறியாமையை நீக்கினால் துன்பத்தில் பாதி நீங்கிவிடும் என்பது அப்போதைய என் முடிவு. நண்பனுக்கு அத்தகைய இலட்சியம் எதுவும் கிடையாது. அவனிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஏலத்தோட்டக்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போனதால் அவனிடம் தங்கிவிட்டது. அதில் எதையாவது பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசைதான் அவனை என்னோடு சேர்த்தது. நாங்கள் பேய் தேடக் கிளம்பினோம்.

டேப் ரிக்கார்டர், கல்லூரியிலிருந்து எடுத்து வந்த வெப்பமானி, காந்த ஊசிப் பெட்டி, குறிப்பேடு, காலடி பதிகிறதா என்று பார்க்கத் தரையில் தூவுவதற்குக் கால்படி அரிசிமாவு. இவைதான் எங்கள் கருவிகள். மாவு வாங்கும்போது மளிகைக் கடைக்காரர் கேட்டார்:

“என்னா வாத்தியாரே, பேய்க்குக் கோலம் போடவா? செம்மண்ணு வேணாமா?”

ஓராண்டுக்குள் ஐந்து பேய்களைப் பார்த்து முடித்தோம். வாழைத்தோப்புக் கிணற்றில் அழுத பெண், பம்புசெட்டின் ஓட்டை ஃபுட்வால்வு. சுருளி போகும் வழியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றாடிய வெள்ளை உருவம், பறவைகளை விரட்டக் கட்டியிருந்த உரச்சாக்கு. பாழடைந்த சாவடியில் பெருமூச்சு விட்ட முனி, எங்கள் ஒலிநாடாவில் தெளிவாகப் பதிந்தது. நண்பன் அதைத் தன் கடையில் போட்டுக் காட்டியபோது, சாவடியில் வழக்கமாகப் படுத்து உறங்கும் பால்காரரே வந்து நின்று, “இது என் கொறட்டயாச்சே!” என்றார். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் அறிவின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவதாகத்தான் வாய்க்கால் கரைப் புளியமரத்துக்குப் போனோம்.

அந்த மரத்தை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் ஒருவருக்குப் பேய் பிடித்ததாகச் சொன்னால் கோடாங்கியை அழைப்பார்கள். அவர் உடுக்கை அடிப்பார். பேய் பிடித்தவர் ஆடி, பேயின் பெயரையும் வந்த காரணத்தையும் சொல்வார். போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் உச்சந்தலையில் ஒரு கொத்து முடியை எடுத்து, மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். அதன்பின் பேய் அந்த முடியைப் பற்றிக்கொண்டு மரத்திலேயே இருக்கும். எங்கள் புளியமரத்தின் அடிப்பகுதியில், மரப்பட்டை விழுங்கியது போக, வெளியே தெரிந்த ஆணிகளே ஏராளம்.

நண்பன் காந்த ஊசியை மரத்தருகில் கொண்டு போனான். அவன் முகம் மாறியது.

“மாப்ள, ஊசி சுத்துது.”

“வடக்கத்தானே காட்டுது?”

“வடக்கா? அது உன்னையத்தான் காட்டுது.”

மரத்தில் அத்தனை இரும்பு இருக்கும்போது ஊசி திரும்பாமல் இருந்தால்தான் வியப்பு என்று விளக்கினேன். அவன் முழுதாக நம்பவில்லை. விளக்குவதைவிடச் செய்துகாட்டுவது மேல் என்று எனக்குத் தோன்றியது. ஆணி ஒன்றைப் பிடுங்கி வீட்டில் வைத்துக்கொள்வோம், என்ன நடக்கிறது பார்ப்போம் என்றேன்.

“நான் தொட மாட்டேம்பா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. கட்டிங் பிளேயர் வேணும்னா தாரேன்.”

பெரும்பாலான ஆணிகள் அசையவில்லை. தாழ்வான இடத்தில், துரு அதிகம் ஏறாத ஒன்று மட்டும் இளகி வந்தது. அதன் கழுத்தில் சிறு முடிக்கொத்து. முடியைச் சுற்றி நூல். குறிப்பேட்டில் எழுதினேன்: “ஆணி ஒன்று. முடி உள்ளது. நீல நூலால் சுற்றப்பட்டிருக்கிறது. விளைவு: இல்லை.”

அந்த நீல நூலை நான் பார்த்தேன், எழுதவும் எழுதினேன். ஆனால் அது யாரோ ஒருவர் கையால் சுற்றிய நூல் என்பதை ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. எந்தச் செயலுக்கும் பின்விளைவை எடைபோட்டுப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் எவ்வளவு பொய் என்பதற்கு, அந்த ஒரு வரி போதும்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஆணியை மேசைமேல் வைத்து, அறிவியல் மனப்பான்மை பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, “சார், இது எந்த மரத்து ஆணி?” என்றார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மாலைக்குள் எங்கள் தெரு முழுவதும் செய்தி பரவியது. அந்த மரத்தில் ஆணி அடித்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வாய்க்கால் கரைக்குப் போய்த் தேடின. எந்தப் பக்கம் அடித்தோம், எவ்வளவு உயரத்தில் அடித்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. பிறகு ஆணியைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தார்கள். பார்த்துவிட்டு, “எங்களுது இல்ல ஆத்தா, எங்களுது கொண்டை ஆணி” என்று நிம்மதியோடு திரும்பினார்கள். கடைசியாக வந்தவர் நண்பனின் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவர். ஆணியைக் கையில் வாங்கி, நூலை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பள்ளிச் சீருடைக் காற்சட்டைக்கு அவர் வழக்கமாகப் போடும் நீல நூல் அது. ஆணியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அவர் மனைவி மேகமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்தபின், பல வாரங்கள் உண்ணாமலும் பேசாமலும் இருந்து, பிறகு திடீர் திடீரென்று அலறத் தொடங்கியிருக்கிறார். மாமியார் கோடாங்கியை அழைத்தார். மரத்தடியில் மருமகள் ஆடி அழுது ஓய்ந்ததும், கணவரே தம் கடை நூலால் முடியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து மனைவி தேறினார். கணவர் தைத்த சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு, எதிர்க் கடை ரேடியோவில் வரும் நாடகங்களைக் கேட்டுக்கொண்டு, கடையின் ஓரத்தில் அமர்ந்திருப்பதை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். இதில் பேய் எங்கே இருக்கிறது, துக்கம்தானே இருக்கிறது என்பதுதான் இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன பயன்?

மறுநாளே தையல்காரர் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அதற்கு முன்பும் எத்தனையோ முறை கூடியிருக்கும். இந்த முறை மாமியார் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

“பாருங்கடி, உப்ப அள்ளிக் கொட்டியிருக்கு. இப்பிடிக் கொட்டுவாளா என் மருமக? அது வந்திருச்சு.”

அடுத்த நாள் ரேடியோ நாடகத்தில் ஏதோ வேடிக்கை வர, மருமகள் சிரித்திருக்கிறார். தனியாகச் சிரிக்கிறாள் என்றார்கள். சிரிக்காமல் இருந்த நாளில், வெறித்துப் பார்க்கிறாள் என்றார்கள். மாமியாருக்குப் போடியில் தம்பி மகள் ஒருத்தி இருந்தாள். மகனுக்கு அவளை முடிக்க வேண்டும் என்ற பழைய ஆசை, ஆணி மரத்தில் இருந்தவரை அடங்கிக் கிடந்தது. இப்போது வீட்டு வாசலில் மருமகளின் தகரப்பெட்டி வந்து அமர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தெளியாவிட்டால், சின்னமனூர் போய் ஜீப் ஏற்றி மருமகளை மேகமலைக்கே அனுப்பிவிடப் போவதாக மாமியார் தெருவுக்கே அறிவித்தார். போனால் திரும்பி வருவது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் அந்த மருமகளைப் பார்க்கப் போனேன். ஆணியையும் எடுத்துக்கொண்டு போனேன். எப்படியாவது புரியவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருந்தது.

“அக்கா, இது வெறும் இரும்பு. இதுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவர் காஜாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இரும்புன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நீங்க படிச்சதுக்குச் சர்டிபிகேட் வச்சிருக்கீகள்ல? எனக்குப் புத்தி சரியா இருக்குங்கிறதுக்கு அந்த ஆணிதான். அது அங்கன இருந்தவரைக்கும் நான் கோவப்பட்டாக் கோவம், அழுதா அழுகை. இப்ப எது செஞ்சாலும் அதுங்கிறாக.”

“நான் எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்றேன்க்கா.”

“நீங்க சொல்லித்தானே தம்பி இம்புட்டும்.”

அன்றே உச்சியில் யாருக்கும் தெரியாமல் மரத்தடிக்குப் போய், அதே ஓட்டையில் ஆணியை வைத்து அடித்தேன். பிறகு மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ அடிச்சா அது ஆணி. கோடாங்கி அடிச்சாத்தான் கட்டு. பட்டணத்துல போயி இம்புட்டுப் படிச்சிருக்க, இது தெரியல?”

தேவாரம் பக்கத்திலிருந்து கோடாங்கியை நான்தான் அழைத்து வந்தேன். மூச்சிரைப்பு உள்ள மெலிந்த மனிதர். பேருந்தை விட்டு இறங்கியதும் திரும்பிப் போக எத்தனை மணிக்கு வண்டி என்றுதான் முதலில் கேட்டார். மூன்று மணிக்கு என்றேன். “அதை விட்டா?” என்றார். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். மூன்று மணிக்குள் முடித்துவிடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை உச்சியில் மரத்தடியில் தெரு முழுவதும் கூடியது. என் மாணவர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். எந்த நாளும் என் வகுப்புக்கு அவ்வளவு பேர் வந்ததில்லை. நண்பன் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். கோடாங்கி முதலில் என்னைக் கூப்பிட்டு, நான் அடித்த ஆணியைப் பிடுங்கச் சொன்னார். ஊர் பார்க்க, ஒரே ஆணியை இரண்டாம் முறை பிடுங்கினேன்.

பிறகு அந்தப் பெண்ணை உட்காரவைத்து உடுக்கையை எடுத்தார்.

“யாரு நீ? எங்கன இருந்து வந்த? இந்தப் பிள்ளைய ஏன் பிடிச்ச?”

அவர் அசையவில்லை. உடுக்கை வேகம் பிடித்தது. அவர் ஒருமுறை தலையை லேசாக ஆட்டிப் பார்த்தார். பழகாத வேலையைச் செய்பவர்போல் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, வெட்கத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் ஆடியது அவர் துக்கம். அந்தத் துக்கம் இப்போது ஆடும் நிலையில் இல்லை. வேலையிலும் நாட்களிலும் கரைந்து அமைதியாகிவிட்டது. ஆனால் ஆடாதவரைப் பேய் பேசாது. பேசாத பேயை ஓட்ட முடியாது. ஓட்டப்படாத பேய்க்கு ஆணி கிடையாது. அவர் நலமாக இருந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஓராண்டாகப் பேய் இல்லை என்று நிறுவுவதற்காக வெயிலில் அலைந்தவன் நான். அந்த மரத்தடியில் கைகளைப் பிசைந்துகொண்டு, எப்படியாவது அவருக்குப் பேய் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். யாரிடம் வேண்டினேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.

“ஊமையா இருக்கே!” என்றார் மாமியார். “முந்துனது வாயத் தெறந்துச்சு. இது அத விடப் பெருசு.”

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்து, மூச்சு வாங்கினார். ஒரு சோடா கேட்டுக் குடித்தார். நிழலைப் பார்த்தார். அது காலடியை விட்டு நகரத் தொடங்கியிருந்தது.

“ஆணியப் பிடுங்குனது இவருதான? வாங்க தம்பி. எந்தக் கையி?”

வலது கையை நீட்டினேன். அதில் திருநீற்றைத் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“பிள்ள மேல ஒண்ணும் கெடையாது. பிடுங்குன கையோட அது போயிருச்சு. இவரு மேலதான் உக்காந்திருக்கு!”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. என் மாணவர் ஒருவரின் தந்தை உரக்கச் சொன்னார்: “அதானே பாத்தேன். அன்னைக்கு வகுப்புல ஒரு மணி நேரமாப் பேசுனாராமே!”

கோடாங்கி அப்படிச் சொன்னது அந்தப் பெண்மேல் கொண்ட இரக்கத்தாலா, தம் தொழிலின் மானத்தைக் காக்கவா, மூன்று மணி வண்டிக்காகவா என்பதை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அப்போது யோசித்தது வேறு. இல்லை என்று நான் மறுத்தால், பேய் மீண்டும் அவர் தலையில் போய் உட்காரும். தகரப்பெட்டி ஜீப் ஏறும். ஆம் என்று ஒப்புக்கொண்டால், பேய் உண்டு என்பதற்கு இந்த ஊர் கண்ட மிகச் சிறந்த சான்று நானாகத்தான் இருப்பேன். அறிவியல் பட்டதாரியையே பிடித்த பேய்! இந்த மரத்தில் இனி அடிக்கப்படும் ஒவ்வோர் ஆணிக்கும், அதன்கீழ் உட்காரவைக்கப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எனக்குப் பங்கு இருக்கும். ஒரு பெண்ணின் வாழ்வும் ஒரு கொள்கையும் தராசில் நின்றன. நின்றுகொண்டே இருந்தன. நண்பன் என் காதருகில் வந்தான்.

“மாப்ள, யோசிக்காத. நீ யோசிக்கிறதப் பாத்தா, பேய் இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். உக்காரு.”

உட்கார்ந்தேன்.

உடுக்கை காதோரம் ஒலிப்பதற்கும் தூரத்தில் நின்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இயற்பியல் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை. வேப்பிலை முகத்தில் அடித்தது. “யாரு நீ?” என்ற கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை, மாணவர்கள் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்ற பிடிவாதம் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. “போறியா இல்லையா? போறியா இல்லையா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் தலை உடுக்கையோடு சேர்ந்து ஆடியது. அதை நான் நடிக்கவில்லை.

“போயிருதேன்” என்றேன்.

அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தக் கணத்தில், அந்தச் சத்தத்திலிருந்து போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் நினைவில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

உச்சந்தலையில் சுரீர் என்றது. முடிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோடாங்கி நூல் கேட்டார். தையல்காரர் சட்டைப் பையைத் துழாவினார். அதற்குள் அவர் மனைவி எழுந்து வந்தார். காஜா எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் ரவிக்கையில் ஊசியைக் குத்தி வைத்திருந்தார்; அதில் நூலும் இருந்தது. நீல நூல். பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தார்.

“பிடுங்குன கையே அடிக்கட்டும்” என்றார் கோடாங்கி.

அதே ஆணியை, இம்முறை என் முடியோடு, கல்லால் அடித்தேன். நன்றாக இறங்கும்வரை அடிக்கச் சொன்னார். அவருக்கு மூன்று மணி வண்டி கிடைத்தது.

தகரப்பெட்டி வீட்டுக்குள் போனது. எனக்கு நேர்ந்தவற்றை விரிவாகச் சொல்வதில் பயனில்லை. கல்லூரி முதல்வர் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் தாய் என் தலையணைக்கடியில் இரும்புச் சாவி ஒன்றை வைத்தார். ஊர்க்கூட்டத்தில் குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, வரதட்சணையைப் பற்றியோ நான் சற்றுக் குரலை உயர்த்திவிட்டால், “பாவம், இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போல” என்று பரிவோடு தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். என் கோபம் எனக்கு உரியதாக இல்லாமல் போனது. நண்பன் ஒலிநாடாவை ஒருமுறை போட்டுக் காட்டினான். “போயிருதேன்” என்ற அந்தக் குரல் என்னுடையதுதானா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன்மேல் அவன் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டான். புளியமரத்தில் புதிய ஆணிகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குறிப்பேட்டில் “விளைவு: இல்லை” என்ற வரியை அடித்துவிட்டு வேறு எழுத நினைத்து, எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சட்டைப் பொத்தான் அறுந்துபோக, தையல் கடைக்குப் போனேன். கணவர் இல்லை. அவர் மனைவிதான் சட்டையை வாங்கி, நூல் கோத்து, பொத்தானைத் தைத்தார். எதிர்க் கடை ரேடியோவில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கையான கட்டம் வந்ததும் சிரித்தார். நான் என்னையறியாமல் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

“இன்னைக்கும் குழம்புல உப்புக் கூடிருச்சு தம்பி” என்றார், நூலை அறுத்துக்கொண்டே. “அத்தை காலையிலருந்து ஏசுறாக.”

“என்னன்னு ஏசுறாங்கக்கா?”

“கையில அளவு இல்ல, எங்கன வளந்தியோன்னுதான். வெறும் ஏச்சு” என்று சொல்லிச் சட்டையை மடித்துக் கொடுத்தார்.